இருவராக ரயிலேறி ஒரு நாள்: லண்டனிலிருந்து பாத் வெந்நீர் ஊற்றுக்கு

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த தம்பதிகள் ஒரு நாள் வெளியே போய்வர நினைத்தால், பாத் நகரத்தைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. பிரிட்டனில் பூமிக்குள்ளிருந்து நீர் சூடாகவே பொங்கி வரும் ஊர் அது ஒன்றுதான். லண்டன் பாடிங்டனில் ரயிலேறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். கார் வேண்டாம், வழிகாட்டி வேண்டாம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பார்க்க வேண்டியவை எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன.

கிளம்பும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சுற்றிலும் தூண்கள், நடுவில் பச்சைத் தண்ணீர், மேலே லேசாக ஆவி என்று படங்களில் வரும் அந்தக் குளத்தில் குளிக்க முடியாது. அது ரோமன் பாத்ஸ், ஓர் அருங்காட்சியகம். அந்த நீரைத் தொடக்கூட அனுமதி இல்லை. குளிப்பதற்கு தெர்மே பாத் ஸ்பா என்று வேறொரு கட்டடம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சில நிமிட நடைதான், ஆனால் டிக்கெட் தனித்தனி. இது தெரியாமல் நீச்சலுடையோடு அருங்காட்சியக வாசலில் போய் நிற்பவர்களும், அருங்காட்சியகத்தைப் பார்த்ததோடு பாத் முடிந்தது என்று திரும்புபவர்களும் உண்டு. ஒன்றைப் பார்க்க வேண்டும், மற்றொன்றில் இறங்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த ஊர் புரியும்.

அதனால்தான் ஒரே நாளில் விண்ட்சர், ஸ்டோன்ஹெஞ்ச், பாத் என்று மூன்றையும் காட்டும் பஸ் சுற்றுலாக்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதில் பாத்துக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு மணி நேரம்தான். நீரில் கால் வைக்க நேரமே இருக்காது. ரயிலில் போனால் நாள் முழுக்க உங்கள் கையில் இருக்கும்.

எந்த நாளில் போகலாம்

வாரநாள்தான் நல்லது, அதிலும் செவ்வாய் முதல் வியாழன் வரை. சனி, ஞாயிறுகளில் ஸ்பா கட்டணமும் அருங்காட்சியகக் கட்டணமும் கூடும், கூட்டமும் கூடும். விடுமுறை கிடைக்காமல் வார இறுதியில்தான் போக முடியும் என்றால் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, தண்டவாள வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பகுதி தூரத்துக்கு ரயிலுக்குப் பதில் பஸ் விடுவது அடிக்கடி நடக்கும். நேஷனல் ரயில் தளத்தில் உங்கள் தேதியைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, ரக்பி. பாத் அணிக்கு உள்ளூரில் ஆட்டம் இருக்கும் நாளில் ரயிலும் தெருவும் நிரம்பி வழியும்.

நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை அங்கே கிறிஸ்துமஸ் சந்தை நடக்கும். சந்தையைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் சரி. வெந்நீர்தான் நோக்கம் என்றால் அந்த நாட்களை விட்டுவிடுங்கள்.

பருவம் என்று கேட்டால் நான் குளிர்காலத்துக்குத்தான் வாக்களிப்பேன். ஜனவரி, பிப்ரவரியில் வெளியே நான்கைந்து டிகிரி குளிர் இருக்கும்போது ஸ்பாவின் மொட்டைமாடிக் குளத்தில் கழுத்துவரை வெந்நீரில் நிற்பதுதான் இந்தப் பயணத்தின் உச்சம். கோடையில் அதே குளம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த அளவுக்கு மனதில் நிற்காது.

முதலில் ஸ்பா, பிறகு ரயில்

பெரும்பாலானவர்கள் முதலில் ரயில் டிக்கெட்டை எடுத்துவிட்டு, அப்புறம் மற்றதை யோசிப்பார்கள். இந்தப் பயணத்துக்கு அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். நாளின் அச்சாணி ஸ்பா நேரம்தான். அது உறுதியான பிறகே மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்க முடியும்.

தெர்மே பாத் ஸ்பாவில் பொது அனுமதி இரண்டு மணி நேரம். ஒருவருக்கு 40 பவுண்டுக்கு மேல் ஆகும், வார இறுதியில் இன்னும் கூடுதல். இணையதளத்தில் தேதியும் நேரமும் பார்த்து முன்பதிவு செய்துவிடுங்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை என்பதால் குழந்தைகளை அழைத்துப்போக முடியாது. இருவராகப் போகும் பயணம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது? பகல் வெளிச்சத்தில் மாடிக்குளத்தில் இறங்கி, விளக்குகள் எரியும்போது வெளியே வருவதுபோல் அமைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும், எனவே மூன்று அல்லது மூன்றரை மணிக்கு உள்ளே போகலாம். பிப்ரவரியில் நான்கு மணி பொருத்தம். கோடையில் ஒன்பது மணிக்கு மேல்தான் இருட்டும், அதற்காகக் காத்திருந்தால் திரும்பும் ரயில் பதற்றமாகிவிடும். அப்போது ஐந்து மணி வாக்கில் போய்விட்டு வருவதே மேல்.

ஸ்பா நேரம் கிடைத்ததும் அதற்கு ஐந்து மணி நேரம் முன்பாவது பாத்தில் இறங்கும்படி காலை ரயிலையும், ஸ்பா முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிளம்பும்படி திரும்பும் ரயிலையும் பாருங்கள். கடைசியாக ரோமன் பாத்ஸ் டிக்கெட். அது ஒருவருக்குச் சுமார் 20 முதல் 30 பவுண்டு வரை, நாளைப் பொறுத்து மாறும். போய் இறங்கி அரை மணி நேரம் கழித்து நுழையும்படி எடுத்தால் ஓட வேண்டியிருக்காது.

ரயில் டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கும் வழி

நீங்கள் இருவர் என்பதே இங்கே பெரிய வசதி. டூ டுகெதர் ரயில்கார்டு என்று ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 35 பவுண்டு. அதில் இருவரின் பெயரும் படமும் இருக்கும். இருவரும் சேர்ந்து பயணம் செய்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். கணவன் மனைவி என்று எந்தச் சான்றும் கேட்பதில்லை, 16 வயது தாண்டிய யார் இருவரும் எடுக்கலாம். ஆனால் அந்த இருவரும்தான் போக வேண்டும், ஒருவருக்குப் பதில் தம்பியை அழைத்துப்போக முடியாது. வாரநாட்களில் காலை 9.30க்குப் பிறகு கிளம்பும் பயணங்களுக்குத்தான் செல்லும், எனவே டிசம்பரில் மூன்று மணி ஸ்பாவுக்காக முன்னதாகக் கிளம்பினால் போகும்போது இந்தத் தள்ளுபடி கிடைக்காது. சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் எந்த நேரத்திலும் செல்லும். பாத்துக்கு ஆஃப்-பீக் ரிட்டர்ன், அதாவது நெரிசல் இல்லாத நேரத்தில் போய்வரும் டிக்கெட், எடுத்தால் கார்டுக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் அந்த ஒரே பயணத்தில் திரும்பி வந்துவிடும். அதன்பிறகு ஆண்டு முழுக்கக் கிடைப்பது லாபம்தான். உங்கள் இருவரிடமும் ஏற்கெனவே மாணவர், இளைஞர் ரயில்கார்டுகள் இருந்தால் இது தேவையில்லை.

டிக்கெட்டில் இரண்டு வகைகளைப் புரிந்துகொண்டால் போதும். அட்வான்ஸ் டிக்கெட் மலிவு, ஆனால் எந்த ரயிலுக்கு எடுத்தீர்களோ அதில் மட்டுமே செல்லும். பொதுவாகச் சுமார் 12 வாரம் முன்பே விற்பனைக்கு வரும், சீக்கிரம் எடுப்பவர்களுக்கு நல்ல விலை கிடைக்கும். ஆஃப்-பீக் டிக்கெட் விலை கூடுதல், ஆனால் நெரிசல் இல்லாத நேரத்து ரயில்களில் எதில் வேண்டுமானாலும் ஏறலாம். போகும்போது அட்வான்ஸ் எடுப்பதில் சிக்கல் இல்லை. திரும்பும்போதுதான் யோசிக்க வேண்டும். ஸ்பாவை விட்டு வந்தபின் நிதானமாக ஏதாவது சாப்பிட வேண்டும் என்று தோன்றும். அட்வான்ஸ்தான் என்றால் ஓர் அரை மணி நேரம் தாராளமாக விட்டு எடுங்கள்.

கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் செயலியிலோ தளத்திலோ எடுத்தால் முன்பதிவுக் கட்டணம் கிடையாது. சில செயலிகள் அதற்குத் தனியாகப் பணம் எடுக்கும். பயணத்தை டிட்காட் அல்லது ஸ்விண்டனில் இரண்டு டிக்கெட்டுகளாகப் பிரித்து எடுத்தால் சில நாட்களில் இன்னும் குறையும். அது சட்டப்படி சரியானதே, நீங்கள் ஏறும் ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இறங்கி ஏற வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: லண்டனில் பழகிப்போனதால் ஆய்ஸ்டர் பயண அட்டையையோ வங்கி அட்டையையோ தட்டிவிட்டு நேராகப் பாத் வரை போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அட்டையைத் தட்டிப் போகும் வசதி அவ்வளவு தூரம் கிடையாது. தனி டிக்கெட் கட்டாயம். ஸ்டேஷனின் பெயர் பாத் ஸ்பா என்று இருக்கும்.

பாடிங்டனிலிருந்து பாத் வரை

தமிழர்கள் அதிகம் வாழும் பகுதிகளிலிருந்து பாடிங்டன் போவது எளிது. ஈஸ்ட் ஹாமில் இருப்பவர்கள் ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைனில் ஏறினால் மாறாமலே வந்துவிடலாம். இல்ஃபோர்டுக்காரர்களுக்கு எலிசபெத் லைன், வெம்பிளிக்காரர்களுக்கு பேக்கர்லூ லைன். ரயில் கிளம்ப இருபது நிமிடம் முன்பு பெரிய பலகைக்கு எதிரே நின்றுவிடுங்கள். எந்தப் பிளாட்பாரம் என்பது கிளம்பச் சற்று நேரம் இருக்கும்போதுதான் வரும், வந்ததும் எல்லோரும் ஒரே திசையில் நடப்பார்கள். பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ் போகும் ரயில்தான் உங்களுடையது. வழியில் பெரும்பாலும் ரெடிங், டிட்காட், ஸ்விண்டன், சிப்பன்ஹாம் ஆகிய ஊர்களில் நிற்கும்.

நடுவில் மேசை உள்ள இருக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். காலையில் செய்த எலுமிச்சைச் சோற்றையோ இட்லியையோ ரயிலில் சாப்பிடுவதற்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பாத்தில் மதியச் சாப்பாட்டை எளிதாக முடித்துக்கொள்ளவும் அது உதவும்.

போகும் திசையில் வலதுபுறம் உட்கார்ந்தால் நல்லது. ரெடிங்கைத் தாண்டியதும் தேம்ஸ் நதி அந்தப் பக்கம் வரும். சிப்பன்ஹாமுக்குப் பிறகு திடீரென்று இருட்டு, போனில் சிக்னல் போய்விடும். அதுதான் பாக்ஸ் சுரங்கம், ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளம், 1841இல் திறந்தது. இந்த ரயில் பாதையை அமைத்த பொறியாளர் புருனல், தன் பிறந்தநாளான ஏப்ரல் 9 அன்று சூரியன் சுரங்கத்தின் ஒரு வாயிலிருந்து மறு வாய் வரை ஒளி பாய்ச்சும்படி கட்டினார் என்று ஒரு கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் மேசையைக் காலி செய்யத் தொடங்குங்கள். சில நிமிடங்களில் வலப்பக்கம் தேன் நிறக் கற்களில் ஓர் ஊர் தெரியும். இங்கே சுற்றுவட்டாரத்தில் வெட்டியெடுத்த ஒருவகைச் சுண்ணாம்புக்கல் அது. ஊரே அந்த ஒரு கல்லால் கட்டியதுபோல் இருக்கும்.

ரோமன் பாத்ஸ்

ஸ்டேஷனிலிருந்து கடைவீதி வழியாக வடக்கே நேராக நடந்தால் பத்து நிமிடத்துக்குள் தேவாலய முற்றம் வந்துவிடும். ஒரு பக்கம் பாத் அபே, இன்னொரு பக்கம் பம்ப் ரூம் என்ற பழைய தேநீர்க்கூடமும் ரோமன் பாத்ஸும். உள்ளே போகும் முன் அபேயின் மேற்கு முகப்பை அண்ணாந்து பாருங்கள். வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய ஏணிகள், அவற்றில் ஏறியும் இறங்கியும் கொண்டிருக்கும் தேவதூதர்கள்.

ரோமன் பாத்ஸில் டிக்கெட்டோடு ஒலி வழிகாட்டிக் கருவி சேர்த்தே தருவார்கள். தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாதி இடங்கள் வெறும் உடைந்த கற்களாகத் தெரியும். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் மேல்தளத்திலிருந்து பெரிய குளத்தைப் பார்ப்பீர்கள். அந்த மேல்தளமும் அதில் நிற்கும் சிலைகளும் ரோமானியர் காலத்தவை அல்ல, 1890களில் கட்டியவை. ரோமானியர் காலத்தில் இந்தக் குளத்துக்கு உயரமான கூரை இருந்தது. இன்று வெயில் நேராக விழுவதால் பாசி வளர்கிறது, நீர் பச்சையாக இருப்பது அதனால்தான். பூமியிலிருந்து வரும்போது அதற்கு நிறமே இல்லை.

அப்புறம் கீழே இறங்கி, நாளொன்றுக்குச் சுமார் 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் பொங்கும் ஊற்றின் பக்கம் வருவீர்கள். வெப்பம் 46 டிகிரி. எரிமலை எதுவும் இல்லாத நாட்டில் இவ்வளவு சூடு எப்படி? தெற்கே மெண்டிப் குன்றுகளில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை, சுண்ணாம்புப் பாறை இடுக்குகள் வழியே சில கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி, அங்கே பூமியின் வெப்பத்தில் சூடேறி, பாறைப் பிளவு வழியாக மேலே வருகிறது என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். நீங்கள் பார்க்கும் நீர் மழையாக விழுந்தபோது ரோமாபுரியே இருந்திருக்காது. குமிழிகள் வெடிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

இந்த ஊற்று ரோமானியர்களுக்கு முன்பே உள்ளூர் மக்களுக்குப் புனிதமாக இருந்தது. சூலிஸ் என்ற பெண் தெய்வத்தின் இடம். வந்த ரோமானியர்கள் அவளை விரட்டவில்லை, தங்கள் தெய்வமான மினர்வாவோடு சேர்த்து சூலிஸ் மினர்வா என்று கும்பிட்டார்கள். பொன்முலாம் பூசிய அவள் வெண்கலத் தலையை 1727இல் சாக்கடை தோண்டியவர்கள் கண்டெடுத்தார்கள். அதை இங்கே பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் சாபத் தகடுகள் இருக்கும் பகுதி. ஈயத் தகட்டில் முறையீட்டை எழுதி, சுருட்டி, ஊற்றில் போட்டிருக்கிறார்கள். சுமார் 130 கிடைத்துள்ளன. பெரும்பாலும் திருட்டு வழக்குகள். குளிக்க வந்த இடத்தில் உடையைப் பறிகொடுத்தவன், மேலங்கியை இழந்தவன், எல்லோரும் அம்மனிடம் புகார் சொல்லியிருக்கிறார்கள். டோசிமெடிஸ் என்ற ஒருவருக்குத் தொலைந்தது இரண்டு கையுறைகள்தான். அதற்கு, எடுத்தவனுக்குப் புத்தி கெட்டு, கண்ணும் போக வேண்டும் என்று கேட்கிறார். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் களவு கொடுத்தவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி வேண்டிக்கொள்வதை அறிந்த நமக்கு, இந்த மனிதர்களைப் புரிந்துகொள்ள ஒலிக் கருவியே தேவையில்லை. இங்கே அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு தகட்டின் மொழிபெயர்ப்பையும் இருவரும் மாறி மாறிப் படியுங்கள்.

கடைசியில் பெரிய குளத்தின் ஓரத்துக்கே வந்துவிடுவீர்கள். காலடியில் இருப்பது ரோமானியர் போட்ட கல்தளம், மேடுபள்ளமாக இருக்கும், பார்த்து நடங்கள். 1.6 மீட்டர் ஆழம், நான்கு பக்கமும் படிகள். அடியில் 45 ஈயத் தகடுகளைப் பரப்பியிருக்கிறார்கள், இன்றும் நீர் ஒழுகுவதில்லை. மிஞ்சிய வெந்நீர் வெளியேறும் கால்வாயைத் தேடிப் பாருங்கள். இரும்புச் சத்து படிந்து கல் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், ஆவி கிளம்பிக்கொண்டே இருக்கும்.

ஏன் இதில் குளிக்க விடுவதில்லை என்ற கேள்வி இந்த இடத்தில் வரும். 1978 வரை விட்டார்கள். அந்த ஆண்டு இந்த நீரில் நீந்திய ஒரு சிறுமி, நீரில் இருந்த ஒருவகை அமீபாவால் மூளைக்காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அத்தோடு நிறுத்திவிட்டார்கள். பிறகு ஆழ்துளை போட்டு, நிலத்தடியிலிருந்தே மாசுபடாத நீரை எடுக்கும் ஏற்பாடு வந்தது. இன்றைய ஸ்பாவுக்குப் போவது அந்த நீர். பார்த்து முடித்து வெளியேறும் முன் அதைக் குடித்துப் பார்க்கவும் தருகிறார்கள். 43 தாதுக்கள் கலந்த நீர். வெதுவெதுப்பாக, நாக்கில் இரும்பு வாடையோடு இருக்கும். ஒரு வாய் குடித்துப் பார்ப்பதில் தவறில்லை.

மதியம்: சாப்பாடும் ஒரு நடையும்

சாப்பாட்டை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வெந்நீரில் இறங்கினால் சுகமாக இருக்காது. சாலி லன் கடையின் பெரிய பன் இந்த ஊருக்கே உரியது, அந்தக் கட்டடமும் ஊரின் மிகப் பழைய வீடுகளில் ஒன்று. வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிட்டு வேறு கடை பாருங்கள். பம்ப் ரூமில் தேநீர் குடிப்பது அழகான அனுபவம்தான், ஆனால் விலையும் நேரமும் அதிகம். ஸ்பா நாளில் அதைச் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

பிறகு வடக்கே மேட்டில் ஏறி சர்க்கஸ் என்ற வட்ட வடிவக் குடியிருப்பையும், அதிலிருந்து சில நிமிடத்தில் ராயல் கிரெசென்ட்டையும் பாருங்கள். பிறை வடிவில் 30 வீடுகள், 1767 முதல் 1774 வரை கட்டியவை. முன்னால் உள்ள புல்வெளியில் உட்கார்ந்து பார்க்கலாம், காசு எதுவும் இல்லை. இறங்கி வரும் வழியில் ஏவன் ஆற்றின் மேல் உள்ள புல்ட்னி பாலம். இருபுறமும் கடைகள் உள்ள பாலம் என்பதால் மேலே நடக்கும்போது பாலம் என்றே தெரியாது. கீழ்ப்பக்கம் கரைக்கு வந்து அங்கிருந்துதான் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் ஒன்றரை மணி நேரம் போதும். நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 1801 முதல் 1806 வரை இந்த ஊரில் வாழ்ந்தார், அவர் ரசிகர்கள் இருந்தால் இன்னும் நேரம் தேவைப்படும். அப்படியானால் ரோமன் பாத்ஸைக் குறைக்காமல் காலை ரயிலை முன்னதாகப் பிடியுங்கள்.

ஸ்பாவுக்குள்

இங்கே தயக்கம் வருவது இயல்பு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குறித்த நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பு போய்விடுங்கள். துண்டு, அங்கி, செருப்பு அங்கேயே தருவார்கள். நீங்கள் கொண்டுபோக வேண்டியது நீச்சலுடை, ஈர உடை போட ஒரு பிளாஸ்டிக் பை, சீப்பு. கையில் ஒரு பட்டை கட்டுவார்கள், லாக்கரைப் பூட்டித் திறப்பது அதனால்தான். உடை மாற்றும் பகுதி ஆண் பெண் இருவருக்கும் பொது. ஆனால் பதற வேண்டாம், தாழ்ப்பாளுடன் தனித்தனி அறைகள் வரிசையாக இருக்கும். போனை லாக்கரிலேயே வையுங்கள். நகைகளை வீட்டில் வைத்துவிட்டு வருவது இன்னும் நிம்மதி.

குளங்களும் பொதுதான். நீச்சலுடை என்றால் உடம்பு தெரிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கை, கால் மூடிய நீச்சலுடைகள் விளையாட்டுப் பொருள் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. வீட்டில் போடும் பருத்தி உடையோடு இறங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், நீச்சலுக்கென்றே தைத்த துணியாக இருக்கட்டும். ஆவிக்கும் மங்கிய வெளிச்சத்துக்கும் நடுவில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை. அப்படியும் மனைவிக்கோ கணவனுக்கோ மற்றவர் முன்னால் குளிப்பது ஒத்துவரவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். எதிரே கிராஸ் பாத் என்று திறந்தவெளிச் சிறு குளம் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் மட்டும் பயன்படுத்தும்படி மொத்தமாக வாடகைக்கு எடுக்கலாம். செலவு அதிகம், ஆனால் மனம் ஒப்பிய குளியல் அதில்தான் கிடைக்கும்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வராதீர்கள். நீண்ட கூந்தலைக் கட்டிக்கொள்ளுங்கள். முதலில் ஷவரில் நன்றாகக் குளித்துவிட்டு, கீழ்த்தளத்தில் உள்ள மினர்வா குளத்தில் இறங்குங்கள். ஊற்றுநீரை உடம்பு தாங்கும் சூட்டுக்கு, சுமார் 33 டிகிரிக்கு ஆற்றித்தான் விடுகிறார்கள். நீச்சல் தெரியாதவர்களும் தரையில் கால் ஊன்றி நிற்கலாம். மிதந்து கிடக்க நீளமான நுரைக் குழாய்கள் இருக்கும், கழுத்துக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று கொடுத்துப் படுத்துப் பாருங்கள். இங்கே இருபது நிமிடம். பிறகு இடைத்தளத்தில் உள்ள நீராவி அறைகள். பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே அறையில் உட்கார வேண்டாம். இடையிடையே தண்ணீர் குடியுங்கள்.

மாடிக்குளத்துக்குக் குறைந்தது நாற்பது நிமிடம் மிச்சம் வையுங்கள். அங்கியை மாட்டும் இடத்திலிருந்து குளத்துக்கு நாலு எட்டுதான், குளிர்காலத்தில் அந்த நாலு எட்டுக்குள் பல் தந்தியடிக்கும். இறங்கியதும் தோள் வரை சூடு ஏறும், முகத்தில் மட்டும் குளிர்காற்று. நாலாபுறமும் கூரைகள், அவற்றுக்கு மேல் அபே கோபுரம், அதற்கு அப்பால் குன்றுகள். இருட்டத் தொடங்கும் நேரத்தில் கூட்டம் கூடும், எனவே அபே தெரியும் ஓரத்தைச் சற்று முன்பே பிடித்துவிடுங்கள்.

இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பமாக இருப்பவர்களும் முன்பதிவுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். தலை கிறுகிறுப்பதுபோல் இருந்தால் யாராக இருந்தாலும் உடனே வெளியே வந்து உட்காருங்கள்.

இரண்டு மணி நேரம் என்பதில் உடை மாற்றும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிடுங்கள். கடைசி இருபது நிமிடம் அதற்கு வேண்டும். தலையை நன்றாக உலர்த்திய பிறகே வெளியே கிளம்புங்கள், கம்பளித் தொப்பி பையில் இருக்கட்டும்.

திரும்புவது

வெந்நீரில் ஊறி வந்தபின் பசி நன்றாக எடுக்கும். சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு மெதுவாக நடந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஸ்டேஷன். பாத் ஸ்பா வழியாக வேறு ஊர்களுக்கும் ரயில்கள் போகின்றன, எனவே பலகையில் லண்டன் பாடிங்டன் என்று பார்த்து ஏறுங்கள். இரவு எத்தனை மணிக்குக் கடைசி நேரடி ரயில் என்பதைக் காலையிலேயே பார்த்துக் குறித்துவைத்துவிட்டு, அதற்கு முந்தைய ரயிலைக் குறிவையுங்கள். உடம்பு தளர்ந்திருப்பதால் இருவரும் தூங்கிவிட வாய்ப்பு உண்டு. பாடிங்டன்தான் கடைசி நிறுத்தம், தாண்டிப்போய்விடும் பயம் இல்லை.

நீங்கள் அட்வான்ஸ் எடுத்த ரயிலே ரத்தானால் புதிய டிக்கெட் வாங்காதீர்கள். எந்த ரயிலில் ஏறலாம் என்று ஊழியரைக் கேளுங்கள், அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள். லண்டன் வந்துசேர 15 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமானால் டிக்கெட் பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். ரயில் நிறுவனத்தின் தளத்தில் டிலே ரீபே என்ற பக்கத்தில் 28 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். டிக்கெட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இருவர் டிக்கெட்டுக்கும் கேட்க மறக்காதீர்கள்.